செஞ்சிக்காரனுக்குப் பாய்மரப் படகைப் பற்றி என்ன தெரியும்?

போன பதிவு கோட்டைக் குளத்தில் குப்பை போடுவதைப் பற்றி. அதற்கு வந்த கமெண்ட்டுகளுக்கு இன்னும் பதில் போட்டு முடிக்கவில்லை. அதற்குள் இன்னொன்று. இதுவும் நீளம்தான், முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு பை நிறைய வேர்க்கடலை. அவர்கள் மகன் 1987-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன், கையெழுத்து மட்டும் கோழி கிளறினாற்போல இருக்கும். டிப்ளமோ முடித்து, கப்பல் இன்ஜினுக்குப் படித்து, இருபத்தைந்து வருடமாகச் சரக்குக் கப்பலில் இருக்கிறான். பேர் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டான். விஷயத்தை எழுத மட்டும் அனுமதி கொடுத்தான்.

அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். "சார், பெரிய கப்பல்ல போனான், பயந்துக்கிட்டே இருந்தேன். இப்ப வேலய விட்டுட்டு சின்னப் படகு வாங்கி, பொண்டாட்டியயும் கூட்டிக்கிட்டு உலகம் சுத்தப் போறானாம். அதுவும் பழைய படகு. பத்து வருசம் சேத்த பணம் சார். நீங்க சொன்னா கேப்பான்."

அன்றைக்கு ராத்திரியே அவனை வாட்ஸப்பில் பிடித்தேன். திட்டத்தான் பிடித்தேன். ஆனால் அவன் ஒரு கேள்வியைப் போட்டு என்னைக் கவிழ்த்துவிட்டான். "சார், ரெண்டு படகு பாத்து வச்சிருக்கேன். ரெண்டும் பழைய பைபர் படகு. ஒண்ணு ரஸ்லர் 36, இங்கிலாந்துல இருக்கு. இன்னொண்ணு கேப் ஜார்ஜ் 36, அமெரிக்காவுல. எது நல்லதுன்னு நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அபிலாஷ் டாமி போனது முதல் படகு. அவரை ஜெயிச்ச அந்தம்மா போனது ரெண்டாவது படகு."

கடல் அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். நமக்கு இருக்கிற தண்ணீரெல்லாம் செட்டிக்குளமும் சக்கரகுளமும்தான். ஆனாலும் கணக்கு என்று சொல்லிவிட்டானே. மூன்று வாரம் பேரனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்கு என்ன தோன்றியது என்பதுதான் இந்தப் பதிவு. கப்பல், துறைமுகம், மீன்பிடித் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் அந்தப் பந்தயம். கோல்டன் குளோப் என்று பெயர். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டு லே சாப்ல தொலோன் என்ற ஊரிலிருந்து 16 பேர் கிளம்பினார்கள். தனி ஆளாக உலகைச் சுற்றி அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். வழியில் எங்கும் கரை ஏறக் கூடாது, யாரிடமும் உதவி வாங்கக் கூடாது. ஜி.பி.எஸ். பார்க்கக் கூடாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டன்ட் வைத்து அளந்து, காகித வரைபடத்தில் தாங்களே புள்ளி வைக்க வேண்டும். படகுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1988-க்கு முன்னால் வரையப்பட்ட வடிவமாக இருக்க வேண்டும், 32-இலிருந்து 36 அடிக்குள் இருக்க வேண்டும். நம்ம ஊர் டவுன் பஸ்ஸின் நீளம்தான். இப்போதைய பந்தயப் படகுகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கின்றன. இது வேண்டுமென்றே பழைய காலத்துக்குப் போகிற பந்தயம்.

16 பேரில் விதி மீறாமல் சுற்றி முடித்தவர்கள் மூன்றே பேர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் 2023 ஏப்ரல் 27 அன்று, 235 நாளில் முதலாவதாக வந்தார். இந்த மாதிரி தனி ஆள் உலகப் பந்தயத்தில் ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. அவர் படகு 'மின்னிஹாஹா', கேப் ஜார்ஜ் 36. நம் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கமாண்டர் அபிலாஷ் டாமி 29-ஆம் தேதி வந்தார். அவர் படகு 'பயானத்', ரஸ்லர் 36.

எங்கள் குடும்ப குரூப்பில் அப்போதே இதைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. உறவுக்காரர் ஒருவர் (இதைப் படிப்பார், படிக்கட்டும்) "அந்தப் படகு பெருசு, அதான் ஜெயிச்சுட்டா. நம்ம ஆளுக்கு அதக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று போட்டிருந்தார். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது படித்துவிட்டதால் சொல்கிறேன்.

மொத்த நீளத்தில் இரண்டு படகுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரஸ்லர் 35 அடிக்குச் சற்று மேல், கேப் ஜார்ஜ் 36 அடி. ஆனால் படகின் வேகத்தைத் தீர்மானிப்பது மேலே தெரிகிற நீளம் இல்லை. தண்ணீரில் படிந்திருக்கிற பகுதியின் நீளம். ரஸ்லரின் மூக்கும் வாலும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் கோட்டில் அளந்தால் அது ஏறக்குறைய 27 அடிதான். கேப் ஜார்ஜ் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற படகு. அது தண்ணீர்க் கோட்டில் 31 அரை அடி.

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. தண்ணீர்க் கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்தப் படகு சாதாரணமாக எட்டக்கூடிய உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். படகு தானே எழுப்புகிற அலையைத் தாண்டிப் போக முடியாமல் அந்த வேகத்தில் திணறும் என்பதுதான் அடிப்படை. வர்க்கமூலம் எதற்கு சார் படிக்கணும் என்று கேட்டவர்களெல்லாம் இப்போது கை தூக்குங்கள்.

31.5-இன் வர்க்கமூலம் 5.61. பெருக்கினால் 7.52 நாட். 26.92-இன் வர்க்கமூலம் 5.19. பெருக்கினால் 6.95 நாட். வித்தியாசம் 0.57. பார்க்கச் சின்னது. ஒரு நாளைக்கு 24 மணி நேரமும் ஓடினால் 13.7 கடல் மைல், அதாவது 25 கிலோமீட்டர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் எட்டிப் பார்க்கிற தூரம். 235 நாளுக்கு 3,200 கடல் மைல்.

மொத்தப் பந்தயம் சுமார் 30,000 கடல் மைல். 235 நாளில் வகுத்தால் நாளுக்கு 127 மைல், மணிக்கு 5.3 நாட், நம் கணக்கில் 10 கிலோமீட்டருக்கும் குறைவு. (நான் சைக்கிளில் சிங்கவரம் போகிற வேகம்!) அப்படியென்றால் சூத்திரப்படி கேப் ஜார்ஜ் 25 நாள் முன்னால் வந்திருக்க வேண்டும். வந்தது இரண்டு நாளுக்கும் குறைவாக. மீதி 23 நாள் எங்கே போயிற்று?

காற்றில் போயிற்று. சூத்திரம் சொல்வது நல்ல காற்றில் எட்டும் உச்சத்தை. காற்றே இல்லாத இடத்தில் 7.52-ம் ஒன்றுதான், 6.95-ம் ஒன்றுதான். அட்லாண்டிக்கில் திரும்பி ஏறும்போது இருவருமே காற்றில்லாமல் நாள் கணக்கில் தவம் கிடந்தார்கள். அதோடு எடை. ரஸ்லர் 7.6 டன், கேப் ஜார்ஜ் 10.8 டன். மெல்லிய காற்றில் மூன்று டன் கூடுதலை இழுக்கச் சும்மா முடியுமா? பாயும் பெரியதாக வேண்டும், அதை ஏற்றி இறக்குகிற கைக்கும் பலம் வேண்டும். ஒரு பெண் தனியாக அந்தக் கனத்தை 235 நாள் இழுத்தார் என்பதை மறந்துவிட்டு, "படகு பெருசு" என்று சொல்வது எப்படி நியாயம்?

இன்னொன்று. அதற்கு முந்தைய 2018 பந்தயத்தில் முதல் மூன்று இடமும் ரஸ்லர் 36-க்குத்தான் போனது. ஜெயித்த ழான் லுக் வான் டென் ஹீட் என்பவருக்கு அப்போது வயது 73. (என் வயதுக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) அவர் எடுத்துக்கொண்டது 212 நாள். "சின்ன" படகுதான். வருடத்துக்கு வருடம் காற்றும் மாறும், பாதையும் கொஞ்சம் மாறும் என்பதால் நாளை நாளோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் ரஸ்லர் ஓடாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அபிலாஷ் விஷயத்தில் படகைப் பேசுவதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 2018 பந்தயத்தில் அவரும் இருந்தார், 'துரியா' என்ற வேறு படகில். செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் படகு உருண்டு, பாய்மரம் முறிந்து, அவருக்கு முதுகெலும்பு உடைந்தது. நகர முடியாமல் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்து எடுத்தது. முதுகில் டைட்டானியம் வைத்துத் தைத்தார்கள். அந்த முதுகோடுதான் நான்கு வருடம் கழித்து மறுபடி கிளம்பினார். வழியில், காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்புகிற விண்ட் வேன் என்ற கருவி உடைந்துகொண்டே இருந்தது. தனி ஆள் தூங்க வேண்டுமென்றால் அதுதான் கதி. மாற்று உறுப்புக்குப் பலகை இல்லாமல் படகின் கழிப்பறைக் கதவைக் கழற்றி அறுத்துச் செய்துகொண்டார். கதவு இல்லாத கழிப்பறையோடு மீதி உலகத்தைச் சுற்றினார். தனியாகத்தானே இருந்தார், பரவாயில்லை.

கிர்ஸ்டன் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் பின்லாந்துக்காரர் தாப்பியோ லெஹ்தினென் என்பவரின் படகு தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே மூழ்கியது. மிதவையில் ஒரு நாள் கிடந்தார். செய்தி வந்ததும் கிர்ஸ்டன் பந்தயத்தை விட்டுவிட்டு இரவெல்லாம் தன் கையால் சுக்கான் பிடித்துப் போய், அவரைத் தன் படகில் ஏற்றி, அந்தப் பக்கம் வந்த 'தர்யா காயத்ரி' என்ற சரக்குக் கப்பலுக்கு மாற்றிவிட்டுத்தான் திரும்பினார். அதற்காக நடுவர்கள் 35 மணி நேரம் ஈடு கொடுத்தார்கள். இதைக் குடும்ப குரூப்பில் யாரும் போடவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

பந்தயம் போதும், வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவின் பயம் அங்கேதான் இருக்கிறது. அது வெறும் பயமும் இல்லை. மூழ்கிய அந்தப் படகு 'ஆஸ்டீரியா' 1965-ல் செய்த பைபர் படகு. பின்பக்கமாகத் தண்ணீர் புகுந்து சில நிமிடத்தில் போய்விட்டது. ஓட்டியவர் அதே படகில் முன்பே ஒரு முறை உலகைச் சுற்றி முடித்த ஆள். "பைபர் மக்காது சார்" என்று என் மாணவன் எனக்குப் பாடம் எடுத்தான். மக்காது, சரி.

தொண்ணூறுகளில் நான் மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அப்போது கரையில் கட்டுமரம்தான் அதிகம். அவிழ்த்துக் காயப் போட்டிருப்பார்கள். அதில் ஒரு முறை ஏறி, அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பார்க்கப் போனபோது கரை முழுக்கப் புது பைபர் படகு. நிவாரணமாக வந்தவை. சில படகுகளில் ஓடு தடிமனாக, அழுத்தமாக இருந்தது. சிலவற்றைத் தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரிச் சத்தம். சில வருடம் கழித்துப் போனால் அந்தப் பிளாஸ்டிக் குடங்கள் விரிசல் விட்டு மணலில் கவிழ்ந்து கிடந்தன. அதன் மேல் வலை காய்ந்தது, ஆடு படுத்திருந்தது. அதே பொருள்தான், அதே கடல்தான். யார் கை வைத்துச் செய்தார்கள், எத்தனை அடுக்கு போட்டார்கள் என்பதில் இருந்தது எல்லாம்.

அந்த வகையில் பழைய வெளிநாட்டுப் பைபர் படகுகளில் ஒரு நல்லது உண்டு. ஆரம்ப காலத்தில் அந்தப் பொருளின் பலம் முழுதாகத் தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஓட்டைத் தடியாகப் போட்டார்கள். நம் தாத்தாக்கள் சுவர் வைத்த மாதிரி. அவன் சொன்ன இரண்டுமே அந்த ரகம். இரண்டுக்கும் அடியில் கீல் என்கிற முதுகு நீளமாக ஓடும், சுக்கான் அதன் வாலில் ஒட்டியிருக்கும், தனியாகத் தொங்காது. எதிலாவது மோதினாலும் சுக்கான் பிழைக்க வாய்ப்பு அதிகம். மொத்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு அடியிலேயே கனமாக வைத்திருக்கிறார்கள். நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வித்தைதான், சாய்ந்தால் எழும்.

வம்சம் வேறு. ரஸ்லரை வரைந்தவர்கள் ஹோல்மன் அண்ட் பை என்ற ஆங்கிலேய நிறுவனத்தார், 1980 வாக்கில். கேப் ஜார்ஜின் மூலம் வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் வரைந்த ஒரு பழைய மரப்படகு. இந்த அட்கின் பெயரை நாம் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. 1968-69-ல் முதன்முதலாகத் தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனின் 'சுகேலி' இருக்கிறதே, அதுவும் அட்கின் வரைந்த வடிவம்தான். கட்டியது நம் பம்பாயில், தேக்கு மரத்தில். அந்தச் செய்தியைப் படித்தபோது மனதுக்குள் கேப் ஜார்ஜ் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிறகு என்னை நானே நிமிர்த்திக்கொண்டேன்.

ஏனென்றால் அவன் வாங்கப் போவது வம்சத்தை இல்லை. ஒரு குறிப்பிட்ட பழைய படகை. அங்கே கேப் ஜார்ஜில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, அந்தப் படகுகளில் பலவற்றில் ஓடு மட்டும்தான் பட்டறையில் பைபரில் வார்த்தது. மேல்தளமும் அறையும் மரம். உள்வேலையை வாங்கியவரே செய்துகொண்ட படகுகளும் உண்டு. அதனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. அந்த மனிதர் நல்ல தச்சராக இருந்தால் சொர்க்கம், அரைகுறையாக இருந்தால் உனக்கு நரகம். இரண்டு, நம் வெயிலும் மழையும். ஆறு மாதம் வெயிலில் வெடித்து ஐப்பசியில் ஊறுகிற மரத்தளத்தை வருடா வருடம் யார் பார்ப்பது? எங்கள் வீட்டு வாசல்கால் ஒன்றுக்கே நான் பட்ட பாடு என் மனைவிக்குத் தெரியும்.

ரஸ்லர் நூற்றுக்கு மேல் ஒரே அச்சில் செய்த படகு. செய்த நிறுவனம் இங்கிலாந்தின் ஃபால்மத் ஊரில் இருக்கிறது. இதே படகை வைத்திருப்பவர்கள் பல நாட்டில் உண்டு, ஒருவருக்கு வந்த வியாதி இன்னொருவருக்குத் தெரியும். என் இளமையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். கம்பெனி மூடிவிட்டார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவேன். பக்கத்து வீட்டு வாத்தியார் டி.வி.எஸ். 50-இல் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார், எந்த ஊர்க் கடையிலும் ரிப்பேர் பார்த்துவிடுவார்கள். ரஸ்லரை டி.வி.எஸ். 50 என்றால் படகுக்காரர்கள் அடிக்க வருவார்கள். இருந்தாலும் என் கருத்து அதுதான்.

எடையையும் பார்க்க வேண்டும். அவனுக்கு 51 வயது. அவன் மனைவி, அந்தப் பெண்ணையும் எனக்குத் தெரியும், ஐந்தடிக்கு மேல் இருக்க மாட்டாள். அவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் பாயை இறக்க வேண்டியது அவள். 10.8 டன் படகின் பாயை அவள் தனியாக இறக்க முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்னால் சோதித்தாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை. ப்ளூ டிக் மட்டும் வந்தது.

கேப் ஜார்ஜுக்காகவும் ஒரு வார்த்தை: உள்ளே இடம் அதிகம், சுமை தாங்கும், தண்ணீரும் அரிசியும் நிறைய ஏற்றலாம். நம் ராஜகிரியில் களஞ்சியமும் சுனையும் இல்லாமல் போயிருந்தால் ராஜாராம் ஏழு வருடத்துக்கு மேல் முகலாயப் படைக்கு முன்னால் தாக்குப் பிடித்திருக்க முடியுமா? நீண்ட தூரம் போகிறவனுக்குக் களஞ்சியம் முக்கியம்தான். ஒரு நல்ல தச்சன் செய்து, நன்றாகப் பராமரித்த கேப் ஜார்ஜ் கிடைத்து, ஓட்டுபவர் முப்பது வயதுக்காரர் என்றால் நான் மாற்றிச் சொல்வேன். பந்தயத்துக்கென்றாலும் மாற்றிச் சொல்வேன். தெற்குக் கடலின் பெருங்காற்றில் அந்த நாலரை அடி கூடுதல் நீளம் உண்மையாகவே பேசும். ஆனால் இவன் "அப்படியே ஒரு பந்தயத்துலயும் கலந்துக்கலாம் சார்" என்கிறான். அப்படியே கலந்துகொள்கிற விஷயமா அது? 16-க்கு 3 என்ற கணக்கை மறுபடி பார். பந்தயத்தை விடு.

ஆக, இரண்டில் ஒன்று என்றால் ரஸ்லர். அதுவும் சில விஷயம் சரியாக இருந்தால்தான். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிவைத்து, அடியில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் பூச்சைத் தாண்டித் தண்ணீர் உள்ளே ஊறினால் பைபருக்கும் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம் வரும். நாலைந்து இருந்தால் பரவாயில்லை, முழுக்க இருந்தால் பெரிய செலவு. தளத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் போக வேண்டும், தேங்காய் தட்டுவது போல. சத்தம் மந்தமானால் உள்ளே ஊறியிருக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எத்தனை வருடத்துப் பழசு, அவற்றை ஓட்டோடு பிடித்திருக்கும் தகடுகள் எப்படி இருக்கின்றன? இன்ஜின் பற்றி அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கென்றே பணம் வாங்கிக்கொண்டு பார்க்கிற சர்வேயர்கள் இருக்கிறார்கள். விற்பவர் காட்டுகிற சர்வேயர் வேண்டாம், நீயே ஒருவரைப் பிடி. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காமல் வாங்குவோமா?

வாங்கிவிட்டு எங்கே நிறுத்துவது என்பதற்கு அவனிடம் பதிலே இல்லை. இரண்டு படகுக்கும் அடியில் ஐந்து, ஐந்தரை அடி ஆழம் வேண்டும். மரக்காணம் மணலில் பைபர் படகை ஏற்றுகிற மாதிரி இழுத்து ஏற்ற முடியாது. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, கொச்சியில் போல்காட்டி பக்கம் மரினா இருக்கிறது. இடம் கிடைக்குமா, வாடகை என்ன என்று முதலில் கேட்டு எழுதச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் படகை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியபோது நாம் பட்டது மறந்துவிட்டதா? மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நாம் கரையில் இருந்தோம்.

"முடியாதுன்னு சொல்றீங்களா சார்" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. நம் புதுச்சேரிப் பெண் ரூபா, லெப்டினன்ட் கமாண்டர், கோழிக்கோட்டு தில்னாவோடு சேர்ந்து 'தாரிணி'யில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பவில்லையா? ஆனால் அவர்கள் மூன்று வருடம் பயிற்சி எடுத்துவிட்டுப் போனவர்கள், பின்னால் கடற்படை இருந்தது. இவன் இருபத்தைந்து வருடம் கடலில் இருந்தான் என்றாலும் இருந்தது இன்ஜின் அறைக்குள். காற்றைப் பார்த்ததே இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். சென்னையிலோ கொச்சியிலோ ஒரு வருடம் யாராவது படகில் கூலியில்லாமல் ஏறி ஓட்டக் கற்றுக்கொள், மனைவியையும் கூட்டிப் போ, அதற்குப் பிறகு பணத்தை எடு என்றேன். "ஒரு வருசமா?" என்றான். எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தால் காட்டுவானே, அதே முகம். வீடியோ காலில் தெளிவாகத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒப்புக்கொண்டான். கேப் ஜார்ஜை விட்டுவிட்டான். ரஸ்லருக்கும் முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த லீவில் கொச்சிக்குப் போகிறார்கள், இருவரும்.

அந்த அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். நான் மொத்தமாகத் தடுத்துவிடுவேன் என்று நினைத்திருந்தார்கள் போல, குரலில் கொஞ்சம் வருத்தம். ஒரு வருடம் தள்ளிப் போனதில் கொஞ்சம் ஆறுதல். எந்தப் படகு சார் நல்லது என்று கேட்டார்கள். நான் சொன்னதில் பாதி புரிந்திருக்காது, எனக்கே மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில், "அதுல கக்கூஸ் இருக்கா சார்?" என்றார்கள். இருக்கிறதம்மா என்றேன். "கதவு?" என்றார்கள்.

கதவும் இருக்கிறது என்றேன். அபிலாஷ் கதையை நான் சொல்லவில்லை. நீங்களும் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.